அடங்கிக் கிடப்பது பழகியதாகாது
கைவிடப்பட்ட இகுவானாவை வீட்டில் ஏற்றிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்



யாரோ ஆசைப்பட்டு வாங்கி, வளர்ந்ததும் பாரமென்று கழித்துவிட்ட ஒரு பச்சை இகுவானா இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் கண்டெடுத்திருப்பீர்கள். அல்லது வெளியூருக்கு மாற்றலாகிப் போகிறவர் உங்கள் வாசலில் கூண்டோடு இறக்கிவிட்டுப் போயிருப்பார். பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதும், ஓணானைக் கண்டால் பிள்ளைகள் கல்லெடுப்பதும் இன்னும் முழுதாகப் போகாத ஊரில், நான்கடி நீளப் பல்லியினம் ஒன்றுக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த மனசை மதித்தே எழுதுகிறேன். இப்படி ஏற்றவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: இதை எப்படிப் பழக்குவது? என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் அதன் உடம்பைச் சரிசெய்ய வேண்டும். உடம்பு தேறாத இகுவானாவைப் பழக்க முடியாது. பழகியதுபோல் தெரிந்தால், பெரும்பாலும் அது பழக்கமல்ல, நோய்.

இது மெக்சிகோவில் தொடங்கி பிரேசில் வரை, ஆற்றோர மரங்களின் உச்சியில் வாழும் இனம். முட்டையிலிருந்து வெளிவரும்போது வாலோடு சேர்த்து ஒரு சாண் நீளம், மரகதப் பச்சை. விற்பவர் காட்டுவது அந்தக் குட்டியைத்தான். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் இப்படிப்பட்ட குட்டிகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். பெட்டியில் தப்பிப் பிழைத்த குட்டி மூன்று ஆண்டுகளில் ஒரு மீட்டரைத் தாண்டும். முழுதாக வளர்ந்த ஆண் ஒன்றரை மீட்டரும் அதற்கு மேலும் இருக்கும். பாதிக்கு மேல் வால். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. மீன்தொட்டி அளவுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்க வாங்கியவருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே உங்களிடம் வந்து சேர்ந்த விலங்கு ஏற்கெனவே சில ஆண்டுகள் தவறான உணவிலும், போதாத சூட்டிலும், புற ஊதாக் கதிர் படாமலும் வளர்ந்தது என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. வேறு விதமாக இருந்தால் அது அதன் அதிர்ஷ்டம்.

அடங்கிக் கிடப்பதைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். எல்லாத் தவறும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பல்லியினத்துக்கு உள்ளிருந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் வசதி கிடையாது. வெளியே கிடைக்கிற சூட்டில்தான் தசை இயங்கும், குடல் செரிக்கும், நோயை எதிர்க்கும் ஆற்றலும் வேலை செய்யும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காட்டில் பெருகிவிட்ட இகுவானாக்கள் கடுங்குளிர் இரவுகளில் மரக்கிளையிலிருந்து கீழே விழுந்து, செத்தவைபோல் விறைத்துக் கிடக்கும். 2020 ஜனவரியில், மரத்திலிருந்து இகுவானா விழக்கூடும் என்று மியாமி வானிலை மையம் மக்களை எச்சரிக்கவே செய்தது. வெயில் ஏறியதும் அவற்றில் பல எழுந்து ஓடிவிடும். விறைத்துக் கிடந்த நேரத்தில் அவற்றை யார் வேண்டுமானாலும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம். ஏசி ஓடும் படுக்கையறையில், சில்லிட்ட டைல்ஸ் தரையில், உங்கள் காலடியில் அசையாமல் படுத்திருக்கும் இகுவானா அவ்வளவு குளிரில் இல்லைதான். ஆனால் நடப்பது அதே காரியத்தின் குறைந்த அளவு. அது சாதுவாக இருக்கவில்லை. எதிர்க்கத் தெம்பில்லாமல் இருக்கிறது.

குளிரைவிட மோசமானது எலும்பு நோய். மீட்கப்படும் இகுவானாக்களிடம் கால்நடை மருத்துவர்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான். இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் ரத்தத்தில் கால்சியம் வேண்டும். உணவில் கிடைக்காதபோது, அல்லது கிடைத்தும் உடம்பில் ஏறாதபோது, உடல் தன் எலும்பையே கரைத்து ரத்தத்துக்கு அனுப்புகிறது. வலுவிழந்த எலும்பைத் தாங்க அதைச் சுற்றி நார்த்திசு வளர்கிறது. அதனால் தொடை உருண்டு திரண்டு, கொழுகொழுவென்று தெரியும். பார்ப்பவர் நல்ல போஷாக்கு என்பார். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள்: தசையாக இருந்தால் கொஞ்சம் நெகிழும், நோயாக இருந்தால் கட்டைபோல் இருக்கும். கீழ்த்தாடை இரு பக்கமும் ஒரே சீராக வீங்கி, முகம் குட்டையாகிச் சிரிப்பதுபோல் தோன்றும். அந்தத் தாடை எலும்பு மென்மையாகிப்போனது. நடக்கும்போது வயிற்றைத் தரையிலிருந்து தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் விரல் நுனிகள் துடிக்கும், வலிப்பு வரும். இந்த நிலையில் இருப்பதை ஆசையாக அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலே விலா எலும்போ முன்னங்காலோ முறியலாம். அதனால்தான் சொல்கிறேன், எக்ஸ்ரே எடுக்கும்வரை பழக்குகிறேன் என்று தொடாதீர்கள்.

எல்லா அறிகுறியும் நோயல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இகுவானா தும்மும். மூக்கோரத்திலும் கூண்டுக் கம்பியிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். சளி பிடித்துவிட்டது என்று பயந்து மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி ஊற்றுபவர்கள் உண்டு. அது உப்பு. இலை தின்னும் இந்த விலங்கு, உடம்பில் மிஞ்சும் உப்பை மூக்கிலுள்ள சுரப்பி வழியாகத் தும்மி வெளியேற்றுகிறது. தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் இந்த விலங்குக்குச் செய்யும் கேடு சாதாரணமானதல்ல. இலையை நொதிக்கவைத்துச் சத்தாக்குவது அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். பனாமாவில் ஆய்வு செய்த காத்தரின் ட்ராயர், குஞ்சுகள் பெரிய இகுவானாக்களின் எச்சத்தைத் தின்று அந்த நுண்ணுயிர்களைத் தங்கள் குடலுக்குக் கொண்டுசேர்க்கின்றன என்று 1982இல் எழுதினார். அப்படிச் சேர்த்ததைக் கைமருந்து கொடுத்து அழித்துவிடக் கூடாது.

'வெயில் கொளுத்துகிற தமிழ்நாட்டில் விளக்கும் சூடும் எதற்கு?' என்பது நியாயமாகத் தோன்றும் ஆட்சேபம். வெயில் இருக்கிறது, ஆனால் உங்கள் இகுவானாவின் முதுகில் படுகிறதா? உணவில் வரும் கால்சியத்தைக் குடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். அதை இகுவானா தன் தோலில் தயாரித்துக்கொள்கிறது. அதற்கு யுவி-பி எனப்படும் புற ஊதாக் கதிர், சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்டது, நேராகத் தோலில் பட வேண்டும். சன்னல் கண்ணாடி அதை அநேகமாக முழுதாகத் தடுத்துவிடும். கண்ணாடி வழியாக வருவது வெளிச்சமும் சூடும் மட்டுமே. வாயில் ஊற்றும் டி3 சொட்டு மருந்தை நம்பியிருக்கவும் முடியாது. இந்த இனம் அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை, அளவு மீறினால் நஞ்சாகவும் ஆகும். மாடியோ பால்கனியோ இருப்பவர்களுக்கு வழி சுலபம். கம்பிவலைக் கூண்டில், பாதி இடத்தில் நிழல் இருக்கும்படி வைத்து, காலை வெயிலில் விடுங்கள். கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள். சென்னையின் மே மாதத்தில் சற்று நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும். வெயில் எட்டாத வீடுகளில் யுவி-பி குழல்விளக்குதான் கதி. அது எரிந்துகொண்டே இருந்தாலும் கதிரின் வீரியம் மாதங்கள் போகப் போகக் குறையும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

சூட்டைப் பொறுத்தவரை, ஒரு கிளையின் மேல் மட்டும் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும். கூண்டின் மற்ற இடம் 26 முதல் 30 வரை. இரவில் 22க்குக் கீழே போக வேண்டாம். சென்னையிலும் மதுரையிலும் இதற்குப் பெரும்பாலான மாதங்களில் சிரமமில்லை. ஓசூர், கோவை, நீலகிரிப் பக்கத்தில் இருப்பவர்கள் மார்கழி இரவுகளுக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும். சூடு மேலிருந்து வரட்டும். வயிற்றுக்கு அடியில் வைக்கும் சூட்டுக்கல் வேண்டாம். வயிறு வெந்துபோவதை உணர்ந்து இது விலகுவதில்லை. கூண்டுக்கு அகலத்தைவிட உயரம் முக்கியம். மனிதக் கண்மட்டத்துக்கு மேலே படுக்க ஒரு கிளை இருந்தாலே பயத்தில் பாதி குறையும்.

உணவு நம் ஊரில் எளிது, மலிவு. ஆனாலும் இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. இகுவானா முழுக்க முழுக்க இலை தின்னி. முட்டை, கோழி, நாய்த்தீனி எதுவும் கூடாது. 'வைத்தால் ஆவலாகச் சாப்பிடுகிறதே' என்பீர்கள். சாப்பிடும். விலங்குப் புரதத்தின் கழிவு சிறுநீரகத்தைக் கெடுப்பது வெளியே தெரியச் சில ஆண்டுகள் ஆகும். தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தட்டில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பதே அடிப்படைக் கணக்கு. முருங்கைக்கீரை இதற்கென்றே முளைத்ததுபோல் இருக்கிறது. அகத்தியில் கால்சியம் அதைவிடக் கூடுதல்: 100 கிராமில் ஆயிரம் மில்லிகிராமை ஒட்டி. செம்பருத்தியின் இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, துருவிய பூசணி, அவரை, கொஞ்சம் பப்பாளி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரே கீரையைத் தினமும் போடாதீர்கள். பாலக்கீரையிலும், நாம் நல்லதென்று நம்பும் தண்டுக்கீரை, முளைக்கீரை வகைகளிலும் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் ஏறவிடாது. எப்போதாவது ஒரு பிடி போதும். வாழைப்பழம் ஆசை காட்ட மட்டும். சந்தைக் கீரையைப் பூச்சிமருந்து போக நன்றாக அலசுங்கள். விளக்கு எரிந்து உடம்பு சூடான பிறகு காலையில் வையுங்கள். சூடில்லாத வயிற்றில் இலை நொதிக்காது.

இவ்வளவும் செய்து சில மாதம் போனதும் ஒரு திருப்பம் வரும். நான் இந்த மடலை எழுதுவதே பெரும்பாலும் அதற்காகத்தான். அதுவரை கையில் கிடந்த உங்கள் இகுவானா திடீரென்று முரடாகும். நீங்கள் நெருங்கினால் பக்கவாட்டில் திரும்பி, உடம்பைத் தட்டையாக்கிப் பெரிதாகக் காட்டும். தாடையடித் தோலை விரிக்கும். வாய் திறக்கும். வாலைச் சாட்டையாக வீசும். பட்ட இடம் தடித்துவிடும். இவ்வளவு செய்தும் நன்றியில்லையே என்று மனம் உடைந்து, மீட்ட விலங்கை இரண்டாம் முறையாகக் கைகழுவுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள். தயவுசெய்து இதைச் சரியாகப் படியுங்கள். எலும்பில் வலு வந்திருக்கிறது. தசைக்குச் சூடு கிடைத்திருக்கிறது. முன்பும் உங்களைக் கண்டு அதற்கு இதே பயம் இருந்தது, அதைக் காட்டத் தெம்பில்லை; இப்போது இருக்கிறது. உங்கள் வைத்தியம் பலித்ததற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. பழக்குவதை நியாயமாகத் தொடங்க வேண்டிய நாளும் இதுதான். வேண்டாம் என்று சொல்லும் வலு வந்த பிறகு அது உங்களிடம் வந்தால்தான், அந்த வருகைக்குப் பொருள் இருக்கிறது.

பழக்குவது என்று நான் சொல்வது அதன் பயத்தைக் குறைக்கிற வேலையை. அதற்கு அதன் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். இகுவானாவின் உச்சந்தலையில், இரு கண்ணுக்கும் நடுவே சற்றுப் பின்னால், மங்கலான ஒரு செதிலைக் காணலாம். அது மூன்றாவது கண். உருவம் தெரியாது, ஒளி கூடுவதும் குறைவதும் தெரியும். மரத்துச்சியில் வாழும் விலங்குக்கு மேலிருந்து விழும் நிழல் என்றால் பருந்து. நீங்கள் அன்பாகத் தலையைத் தடவக் கையை மேலிருந்து இறக்கும்போது, அதற்கு இறங்குவது பருந்துதான். ஆகவே கை எப்போதும் பக்கவாட்டிலிருந்து, அதன் மார்புக்குக் கீழ்மட்டத்தில், மெதுவாக வர வேண்டும். முதலில் கையே வர வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில், கூண்டிலிருந்து அது பதறாத தூரத்தில் உட்காருங்கள். படியுங்கள், பேசுங்கள், வேலையைப் பாருங்கள். உங்களைப் பார்த்துக்கொண்டே அது தின்னத் தொடங்கினால் கொஞ்சம் நெருங்கலாம். பிறகு தட்டை வைக்கும் கை சற்று நேரம் அங்கேயே இருக்கட்டும். பிறகு செம்பருத்திப் பூவை நீட்டிப் பாருங்கள். தலையைத் திருப்பினாலோ, நிறம் கறுத்தாலோ, மூச்சு வேகமானாலோ அன்றைக்கு அவ்வளவுதான் என்று எழுந்துவிடுங்கள். அது ஓடும் முன்பே நீங்கள் விலகுவதுதான் இதில் முக்கியம். விலகச் சொன்னால் இந்த மனிதர் விலகுவார் என்று அறிந்த விலங்குக்கு வாலை வீசும் அவசியம் குறைந்துகொண்டே போகும். இதற்கு மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஆண்டுகள்.

இதை மறுப்பவர்கள் பலர். 'தினமும் கட்டாயமாகத் தூக்கி வைத்துக்கொண்டால் தானே பழகிவிடும், போராடி ஓய்ந்ததும் விட வேண்டும்' என்பது அவர்கள் வாதம். ஓய்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஓய்ந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது? மிஷேல் கபனாக் என்ற உடலியல் ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மென்மையாகக் கையாண்டபோதே இகுவானாக்களின் இதயத் துடிப்பு கூடியது. வெளியே அமைதி, உள்ளே படபடப்பு. பிடித்த கையில் கண்ணை மூடிக்கொள்வதைச் சுகம் என்று நினைக்கிறோம். தடவும்போது தானாகவே உங்கள் பக்கம் சாய்ந்து கண் மூடினால் அப்படி இருக்கலாம். தப்ப முடியாமல் பிடிபட்டிருக்கும்போது மூடினால், அது உங்களைப் பார்க்காமல் இருக்க எஞ்சியிருக்கும் ஒரே வழி. இப்படிப் பழக்கிய இகுவானா பல மாதம் பொம்மைபோல் இருந்துவிட்டு ஒருநாள் கடிக்கும். இலையை அறுக்கும் ரம்பப் பற்கள் அதற்கு. தையல் போட வேண்டிவரும். மருத்துவரிடம் கொண்டுபோகவோ நகம் வெட்டவோ பிடித்தே ஆக வேண்டிய நேரங்கள் உண்டு. அப்போது துண்டால் போர்த்தி, மார்பையும் இடுப்பையும் தாங்கி, சுருக்கமாக முடியுங்கள். அந்தத் துண்டு பழக்கும் நேரத்தில் கண்ணில் படவே கூடாது. வாலை எந்த நேரத்திலும் பிடிக்காதீர்கள். கழன்றுவிடும், மறுபடி வளர்வது குட்டையாக, கறுத்து, எலும்பில்லாமல் வளரும்.

'பல்லிக்கு ஏது மனசு? பழக்கம், நம்பிக்கை என்பதெல்லாம் நாமே ஏற்றிச் சொல்வது' என்று இன்னொரு தரப்பு. நாயின் அன்பை இதனிடம் தேடுவது தவறு என்பதில் அவர்களோடு உடன்படுகிறேன். கற்க முடியாது என்பதை மட்டும் ஏற்க முடியாது. மனுவேல் லீல், பிரையன் பவல் என்ற இரு ஆய்வாளர்கள் போர்ட்டோ ரிகோவின் அனோல் பல்லிகளுக்கு, மூடியின் கீழ் உணவை ஒளித்து வைத்தார்கள். பல்லிகள் மூடியை அகற்றப் புதுப் புது வழி கண்டன. எந்த நிற மூடி என்று கற்றன. நிறத்தை மாற்றியதும் பழைய பாடத்தை மறந்து சில பல்லிகள் புதியதையும் கற்றன. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் அன்னா வில்கின்சன் குழுவினர், தாடிப்பல்லி ஒன்று கதவைத் தள்ளித் திறப்பதைப் பார்த்த மற்ற தாடிப்பல்லிகளும் அதேபோல் திறந்ததைக் காட்டினார்கள். இகுவானாவைக் கொண்டே நடந்த சோதனை ஒன்றும் இருக்கிறது. விளக்கடியில் சாதாரணத் தீனி. குளிர்ந்த மூலையில் அதற்குப் பிடித்த லெட்யூஸ் கீரை. பசிக்காக அங்கே போக வேண்டியதில்லை, ருசிக்காகப் போனது; குளிர் கூடக் கூடப் போவதைக் குறைத்துக்கொண்டது. எது லாபம் என்று எடைபோடும் விலங்கு அது. உங்கள் அருகே வருவதையும் அப்படித்தான் எடைபோடும். வருவதில் நஷ்டமில்லை, கொஞ்சம் சுகமும் உண்டு என்று அதற்குத் தெரியவைக்க முடியும்.

பழகிய பிறகும் மறக்கக் கூடாதவை சில. வளர்ந்த ஆண் ஆண்டில் சில வாரங்கள் செம்மஞ்சள் ஏறி, தலையை ஆட்டி ஆட்டி, நேற்றுவரை ஏறி அமர்ந்த தோளையே கடிக்க வரும். இனப்பெருக்கக் காலம் அது. முகத்தருகே வைக்காமல் பொறுத்திருந்தால் போய்விடும். பெண் ஆணில்லாமலே முட்டை கட்டும். இடத் தோதான மண்தொட்டி இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். நல்ல தோற்றத்தில் இருக்கும் இகுவானாவின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ முதியவரோ இருக்கும் வீட்டில் அவர்கள் கையில் அதைக் கொடுக்காதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.

சிலர் இந்தப் பாடெல்லாம் வேண்டாம், ஏரிக்கரையில் விட்டுவிடலாம், நம் ஓணானும் உடும்பும் அங்கே வாழவில்லையா என்கிறார்கள். பட்டினியில் சாகாவிட்டால் அதைவிடப் பெரிய கேடு வரும். ஃபுளோரிடா, போர்ட்டோ ரிகோ, தைவான், சிங்கப்பூர் எல்லாம் வளர்த்தவர்கள் விட்டதும் தப்பியதுமான இகுவானாக்கள் பெருகிய இடங்கள். கரைகளில் வளை தோண்டுகின்றன, தோட்டங்களை மொட்டையடிக்கின்றன. ஃபுளோரிடா 2021 ஏப்ரலில் இதைத் தடைசெய்த இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்த ஊர்களின் தட்பவெப்பத்துக்கும் நம் கடற்கரை மாவட்டங்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சட்டமும் இருக்கிறது. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம் என்பதால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் இதற்கும் பொருந்தும். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டும். காகிதமில்லாமல் கைக்கு வந்ததை எண்ணிப் பயந்து ஒளித்து வைப்பவர்கள், அந்தப் பயத்தாலேயே மருத்துவரிடமும் போவதில்லை, நோய் முற்றுகிறது. வன அலுவலகத்தில் நடந்ததை நடந்தபடி சொல்லி வழி கேளுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் கூடுதலாக உண்டு. தோளில் ஏறிய இகுவானாவோடு படமெடுத்து ஊருக்குக் காட்டாதீர்கள். அந்தப் படத்தில் முருங்கைக்கீரையும் எக்ஸ்ரேயும் மாதக்கணக்கான பொறுமையும் தெரியாது. தோளில் அமர்ந்த அழகு மட்டும் தெரியும். அதைப் பார்த்து ஒருவர் ஆசைப்பட்டால், அடுத்த பெட்டியில் இன்னும் சில குட்டிகள் அடைக்கப்படும். காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வளைந்த முதுகையும் வீங்கிய தாடையையும் காட்டுங்கள்.

ஏற்ற இகுவானாவை இதுவரை மருத்துவரிடம் காட்டாதவர்கள் இந்த வாரமே காட்டுங்கள். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகியவர் உங்கள் ஊரில் இல்லையென்றால், சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்திலுள்ள வேறு கால்நடைக் கல்லூரியிலோ விசாரியுங்கள். துணிப்பையில் போட்டு, காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, வெயிலேறும் முன் கிளம்புங்கள். எக்ஸ்ரே, ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், யூரிக் அமிலம், எச்சத்தில் புழு: இந்த ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அன்றைய எடையை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த நோட்டைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.